ஞாயிறன்று எண்ணெய் மாற்றுதல்

ஜெர்மனியில், டோர்ட்முண்டில் இருந்தபோது குகநாதன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவினார். அங்கே ஞாயிறு சட்டப்படி ஓய்வுநாள். எதிர்வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் குகநாதன் ஞாயிறுகளில் சுவரில் ஆணிகூட அடிக்கவில்லை.

லண்டனுக்கு வந்து ஒரு கடைக்கு மேலே குடியிருந்தார்கள். இந்தக் குளிர்காலத்தில்தான் ரெய்னர்ஸ் லேனில் கார் நிறுத்தும் வாசலோடு ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்தது. கார் எண்ணெயைத் தன் கையால் மாற்ற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பேக்கரியில் அவருக்கு லீவு ஞாயிறு மட்டும்.

ஏப்ரலில் வெயில் கண்ட ஒரு ஞாயிறு, கேற்றில் போர்வையைக் கட்டித் தெருவை மறைத்தார்.

“என்னப்பா, காருக்குப் பிள்ளைப்பேறோ?” என்றாள் மனைவி ஜெயகௌரி. முதியோர் இல்லத்தில் அவளுக்குப் பின்னேர ஷிப்ட். தண்டவாள வேலை என்று ரயிலை நிறுத்தியிருந்ததால் காரில்தான் போகவேண்டும். “ரெண்டு மணிக்கு நான் வெளிக்கிடோணும்.”

“வெளிக்கிடலாம். கத்தாதையும்.”

முன்சக்கரங்களைச் சாய்தட்டுகளில் ஏற்றிவிட்டுக் கீழே போய் எண்ணெய்த் தொட்டியின் நட்டைக் கழற்றினார். எண்ணெய் கறுப்பாக, இளஞ்சூட்டோடு பேசினுக்குள் இறங்கியது. தலையைத் திருப்பினார். வேலிக்கு மேலே பக்கத்து வீட்டு டெரிக்கின் முகம். கையில் போன்.

குகநாதன் அப்படியே கிடந்தார்.

ஜெயகௌரி குனிந்து பார்த்தாள். “நித்திரையோ?”

“டெரிக் பொலிசுக்குப் போன் அடிக்கிறான்.”

“ஏன், நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“இண்டைக்கு ஞாயிறெல்லோ. நாளைக்கு மிச்சத்தைப் பாப்பம்.”

“நாளைக்கோ? அங்க கிழவியளுக்கு ஆர் சாப்பாடு குடுக்கிறது, டெரிக்கோ?”

“மெல்லக் கதையும்.”

“இது ஜெர்மனி இல்லையப்பா. வெளியில வாங்கோ.”

அவர் வரவில்லை. எண்ணெய் சொட்டுச் சொட்டாகி நின்றது. ஜெயகௌரி உள்ளே போய்ச் சீருடையைப் போட்டுக்கொண்டு வந்தாள். டயருக்குப் பக்கத்தில் அவளுடைய வேலைச் சப்பாத்துகள் மட்டும் அவருக்குத் தெரிந்தன. அவை அசையவில்லை.

வேலிக்கு அப்பால் ஏதோ இருமியது. மறுபடி இருமியது. பிறகு பெருஞ்சத்தத்தோடு பிடித்துக்கொண்டது. டெரிக் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளத் தொடங்கியிருந்தார்.

குகநாதன் காதுகொடுத்துக் கேட்டார். டோர்ட்முண்டில் இதற்குத் தெருவே திரண்டிருக்கும்.

“கௌரி, ஆள் புல்லு வெட்டுறார்!”

“ஓம். எனக்கும் காது கேக்குது. நட்டைப் பூட்டுங்கோ.”

காருக்கு அடியில் கிடந்தபடியே சிரித்தார். நட்டைப் பூட்டினார். பழைய வடிகட்டியைக் கழற்றி, புது வடிகட்டியின் ரப்பர் வளையத்தில் விரலால் எண்ணெய் தடவி, அதையும் பூட்டினார். எழுந்து மேலே புது எண்ணெயை ஊற்றினார், தேன் நிறம். எஞ்சினைக் கிளப்பினார். எண்ணெய்க்கான சிவப்பு விளக்கு அணைந்தது. கீழே கையை வைத்துப் பார்த்தார். ஈரமில்லை. காரை இறக்கி, அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்து, திரும்ப ஏறி உட்கார்ந்து, தேவையில்லாமல் ஒருமுறை உறுமவிட்டார்.

“காணும். இறங்குங்கோ.”

அவர் போர்வையை அவிழ்த்துக் கேற்றைத் திறந்துவிட, ஜெயகௌரி காரைப் பின்னால் எடுத்து வளைத்துக்கொண்டு போனாள். தெருமுனைவரை புகை இல்லை. இரண்டு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

அவர் கையைக் கழுவித் தேத்தண்ணி போட்டார். அதோடு வாசற்படியில் உட்கார்ந்து, டெரிக் முழுப் புல்லையும் வெட்டி முடிக்கும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.