மெதுவாகத் தூக்கிய கை

எங்கள் பனியன் கம்பெனியில் காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் கால் மணி நேரம் உடற்பயிற்சி என்று நோட்டீஸ் ஒட்டியபோது முதலில் சிரித்தவள் நான்தான். நாள் முழுக்க ஓவர்லாக் மிஷினை மிதிக்கிறவளுக்கு இதற்கு மேல் என்ன பயிற்சி? எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் சொல்லியிருப்பான், மேனேஜர் தலையாட்டியிருப்பார்.

சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, குரலும் சின்னது. எங்கள் தையல் லைன் முழுவதையும் மொட்டை மாடியில் நிறுத்தினாள். மூச்சை இழுத்துக்கொண்டே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும், விட்டுக்கொண்டே இறக்க வேண்டும். நடுவில் எங்கும் நிற்காமல், தண்ணீர் ஓடுவது போல. பத்து தடவை.

பத்து என்று காதில் விழுந்ததும் என் புத்தி டார்கெட்டுக்குப் போய்விட்டது. மற்றவர்கள் மூன்றாவது மூச்சில் இருந்தபோது நான் பத்தையும் அடித்து முடித்து, இடுப்பில் கை வைத்து நின்றேன்.

“முடிச்சுட்டனுங்க டீச்சர், அடுத்தது சொல்லுங்க.”

லைனே சிரித்தது. பதினாறு வருடமாக அங்கே முதலில் முடிப்பவள் நான்தான். அதில் எனக்குத் திமிரும் உண்டு.

அவள் கோபப்படவில்லை. என் முன்னால் வந்து நின்றாள். “அக்கா, ஒரே ஒரு தடவை என்கூட மெதுவா பண்ணுங்க.” போனால் போகிறது என்று தூக்கினேன்.

வலது கை மேலே போனது. இடது கை தோள் உயரத்தில் நின்றுவிட்டது.

பெரிதாக வலியும் இல்லை. சுவரில் முட்டிய மாதிரி இருந்தது. நான் போ என்கிறேன், அது கேட்கவில்லை. உடம்பைச் சாய்த்து ஒரு உதறு உதறினேன், விருட்டென்று கொஞ்சம் மேலே ஏறியது. “சாயாதீங்க அக்கா” என்று அவள் என் இடுப்பைப் பிடித்ததும் மறுபடி அதே இடம். அப்போதுதான் விளங்கியது. அந்தப் பத்து தடவையும் நான் கையைத் தூக்கவே இல்லை, வேகத்தில் வீசியிருக்கிறேன். என் உடம்பில் இருக்கிற கை எனக்கே தெரியாமல் எப்போது இப்படி ஆனது?

“எத்தனை நாளா இப்படி இருக்கு?” என்று கேட்டாள். துணியை மிஷினில் விட மேசை உயரம் போதும். அதற்கு மேல் அந்தக் கையிடம் நான் எதுவும் கேட்டதில்லை. “டாக்டர்கிட்ட காட்டுங்க அக்கா, விட்டா இன்னும் இறுகிடும்” என்றாள். அன்று முழுக்கத் துணியைப் பார்க்காமல் கையையே பார்த்தேன். இந்தக் கை போனால் எனக்கு வேறு என்ன தெரியும்?

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே, கல்லூரியில் படிக்கும் மகளிடம் சொன்னேன்.

“கண்ணு, எனக்கு இடது கை மேலயே போகமாட்டீங்குது. இன்னைக்குத்தான் பாத்தேன்.”

பதறுவாள் என்று நினைத்தேன். அவள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“ஏம்மா, ரெண்டு வருசமா நான் எதுக்கு உனக்குத் தலை பின்னி உடறேன்? நீ கை எட்டாம திண்டாடறதப் பாத்துத்தான உன் கையிலிருந்து சீப்பை வாங்குனேன். உனக்கே தெரியாதா?”

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகளுக்கு என் மேல் அப்படி ஒரு பாசம், தினமும் அவளே தலை பின்னிவிடுகிறாள் என்று இரண்டு வருடமாக லைன் முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தேன்.