கறுப்பு பூசிய தெரு

"அவ மன்னிப்பு எழுதிக் கொடுத்துட்டு வெளியே வரப்போறான்னு யாரு சொன்னது? சொன்ன வாயை இங்கே கூட்டிட்டு வா!"

தையல்காரி கத்தரிக்கோலை மேசையில் தொப்பென்று போட்டாள். துணி கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி மிரண்டுபோனாள்.

"ஊரே பேசுதுக்கா. உங்களுக்கும் அவளுக்கும்தான் ஆகாதே?"

"ஆகாதுதான். என் தம்பி பொண்டாட்டி, நான் திட்டுவேன். நீங்க யாரு?"

தம்பி மனைவி கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவள். ஆட்சியாளர்களின் திருட்டை எழுதிய பத்திரிகைக்காரர்களைச் சிறையில் தள்ளி, அவர்கள் பெயரை அச்சிடவே கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார்கள். பெயரைத்தானே போடக் கூடாது என்று, இவள் தன் பட்டறை ஷட்டரில் அவர்களின் முகங்களை வரைந்துவிட்டாள். விடிந்ததும் ஆட்கள் வந்து ஷட்டர் முழுக்கக் கறுப்பு பெயிண்ட் அடித்தார்கள். அவளையும் வண்டியில் ஏற்றினார்கள். வரைந்தது தப்பு என்று கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்களாம்.

பக்கத்து வீட்டுக்காரியை விரட்டிவிட்டாளே தவிர, தையல்காரிக்கும் உள்ளூரச் சந்தேகம்தான். போட்டிருப்பாளோ? நேராகச் சிறைக்குப் போய்க் கேட்டாள்.

"எழுதுறது என் பொழைப்பு அண்ணி. பொய்யை எழுதிட்டு எந்தக் கையால பிரஷ்ஷைப் பிடிப்பேன்?"

"பெரிய இவ! ஒழுங்கா சாப்பிடறியா?"

திரும்பி வந்த தையல்காரி, அந்த ஆட்கள் விட்டுப்போன டப்பாவில் மிச்சமிருந்த கறுப்பை எடுத்துத் தன் கடைப் போர்டில் அப்பினாள். எதிர்க்கடை முடிவெட்டுகிறவர் ஓடி வந்தார்.

"என்னம்மா, புத்தி பிசகிடுச்சா?"

"அவங்க முகம் கண்ணுல படக் கூடாதுன்னா, என் கடைப் பேரும் பட வேணாம்."

அவர் தாடையைச் சொறிந்தார். "எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை."

ஒரு வாரத்தில் தெருவே கறுத்துப்போனது. பல் பிடுங்க வந்த ஒருவர் சலூன் நாற்காலியில் உட்கார்ந்து வாயைப் பிளந்தார். ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் காரணம் சொன்னதில், அச்சில் வராத பெயர்கள் ஊர் முழுக்கப் பரவின. கறுப்பு அடுத்த தெருவுக்கும் தாவியது.

அதிகாரி வியர்க்க விறுவிறுக்க வந்தார். "போர்டையெல்லாம் திரும்ப எழுதுங்க!"

"எழுதறவளைத்தான் நீங்க உள்ளே வெச்சிருக்கீங்களே சார்."

வேறு பெயிண்டர்களுக்கு ஆள் அனுப்பினார். ஒருவனுக்கு முதுகுவலி. இன்னொருவனுக்கு மாமியார் சாவு. அந்த அம்மாள் போன மாதமும் செத்திருந்தாள்.

கடைசியில் கையெழுத்து இல்லாமலே சிறைக்கதவைத் திறந்தார்கள். வாசலில் மொத்தத் தெருவும் நின்றது.

"போட்டியா?" என்றாள் தையல்காரி.

"போடலை."

"கேட்டுச்சா எல்லாருக்கும்?" என்று அவள் போட்ட சத்தத்தில் காவலாளியே திரும்பிப் பார்த்தான். கூட்டம் கைதட்டி ஆரவாரித்தது.

"வா, வீட்டுக்குப் போலாம்."

"அந்தப் பத்திரிகைக்காரங்க இன்னும் உள்ளேதான் இருக்காங்க அண்ணி. பட்டறைக்குப் போலாம்."

தையல்காரி அவளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, பட்டறை இருக்கும் திசையில் முதல் ஆளாக நடந்தாள்.