செம்பு என்று முதலில் சொன்னவர்

சதாசிவம் மாஸ்ரர் இறந்துவிட்டார். எடுத்த எடுப்பில் இப்படி எழுதுவது மரியாதையில்லை என்று சிலர் நினைக்கலாம். அவருக்கு இதுதான் பிடிக்கும். எனக்குச் செய்தி கொண்டுவந்த அயலவரோ சைக்கிளை வேலியில் சாத்தி, உடையார்கட்டுக் குளம் நிரம்பியதையும் நெல்லுக்குப் பூச்சி விழுந்ததையும் சொல்லி, தண்ணீரும் வாங்கிக் குடித்த பிறகுதான், "மாஸ்ரர் விடியப்புறம் மோசம் போயிட்டார், ஐயா" என்றார். மாஸ்ரர் உயிரோடு இருந்திருந்தால் அந்த மனிதரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அவரோடு படிப்பித்தவர்களுக்கு அவர் வாயைத் தெரியும். பெற்றோர் வந்தால், "உங்கடை மகன் பாஸ் பண்ணேல்லை. இனி இருங்கோ, கதைப்பம்" என்பார். கலியாணப் பேச்சுக்கு அவரை ஒருமுறைதான் கூட்டிப்போனார்கள். "மாப்பிள்ளைக்குத் தொய்வு வருத்தம், மூச்சு இழுக்கும். மற்றும்படி தங்கமான பெடியன்" என்று தொடங்கினார். அந்தக் கலியாணம் நடக்கவில்லை. "கெட்டதை முதல் சொல்லிப்போடோணும். நல்லது ஆறுதலாய் வரும்" என்பது அவர் வேதம். ஆனால் அவர் பிறவியிலேயே அப்படி இருந்தவரல்லர்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் மீன் வாங்க முல்லைத்தீவுக் கரைக்குப் போயிருந்தோம். அந்தோனி என்ற மீனவர் எங்கள் சிநேகிதர். கடல் கொந்தளித்து ஓய்ந்த பிறகு அவர் வலையில் ஏறிய ஒரு கறுத்தக் கல்லை வலைக்குப் பாரமாகக் கட்டியிருந்தார். தேங்காயளவுதான், தூக்கினால் கை சோரும். மேலே பச்சை படர்ந்திருந்தது. மாஸ்ரர் அதைக் கண்டதும் துள்ளாத குறை. "அந்தோனி, இதுக்குள்ளை செம்பு கிடக்கு!" என்று கத்தினார். சத்தம் கேட்டு அந்தோனியின் மனைவி பிலோமினா கரையோரத்து வீட்டுக் குசினியிலிருந்து ஓடிவந்தாள். மாஸ்ரர் ஒரு சிறு துண்டை உடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடுத்த கிழமை ஆய்வுகூடத்தில் அந்தத் துண்டோடு மாரடித்தார். இரும்புக் கறுப்பு, உடைத்த முகத்தில் உலோக மினுக்கம். பேனாக்கத்தி கீறியது. தட்டினால் பட்டை பட்டையாய் நேராகப் பிளந்தது. பொடி சாம்பல் கறுப்பு. கரிக்கட்டையில் வைத்துச் சுட்டபோது உள்ளிப்பூண்டு மணந்தது. உடனே எட்டி நின்று, யன்னல்களைத் திறக்கச் சொன்னார். ஆசனிக் என்று நாங்கள் படிப்பிக்கும் பாஷாணத்தின் மணம் அது. செம்பும் பாஷாணமும் கந்தகமும் ஒன்றாய்ச் சேர்ந்த எனார்கைட்டாக இருக்க வேண்டும் என்றார். பூமிக்குள்ளிருந்து ஏறும் சுடுநீர் பாறை வெடிப்புகளில் விட்டுப்போகும் அரிய கனியம்; பெருவிலும் பிலிப்பைன்சிலும் செம்புச் சுரங்கங்களில் கிடைப்பது. "இது எங்கடை மண்ணிலை பிறக்காது. ஏதோ கப்பலிலை வந்து கடலுக்குள்ளை விழுந்திருக்கு" என்றார். வெளியே படர்ந்த பச்சையில்தான் தண்ணீரில் கரையும் நஞ்சு இருக்கும் என்றும் சொன்னார்.

அது சோதனைத் தாள் திருத்தும் காலம். கரைக்கும் எங்களுக்கும் இடையே தினமும் சைக்கிளில் வரும் மீன் வியாபாரியிடம், "கல்லிலை நஞ்சு கிடக்காம், குடிக்கிற தண்ணியிலை படவேண்டாம் எண்டு சொல்லிவிடும்" என்று சொல்லி அனுப்பினார்.

சில மாதங்கள் கழித்துப் போனபோது கல் வலையில் இல்லை. அந்தோனியின் தண்ணீர்ப் பானைக்குள் கிடந்தது. "செம்புக் குடம் வாங்க எங்களுக்கு வக்கில்லை, மாஸ்ரர். செம்புத் தண்ணி நல்லமெல்லே. கடலுக்குப் போற மனுசன் எண்டு இவருக்கு மட்டும் தனிப் பானையிலை வைச்சுக் குடுக்கிறன்" என்றாள் பிலோமினா. அந்தோனியின் உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. கால் விறைக்கிறது என்றார். மாஸ்ரரின் முகம் செத்துவிட்டது. "நான் சொல்லிவிட்டது வரேல்லையோ?" என்று கேட்டார். "ஒருத்தரும் வந்து சொல்லேல்லை" என்றாள்.

போய்ச் சொன்னேன் என்று வியாபாரி தன் பிள்ளைகள் மேல் ஆணையிட்டார். மாஸ்ரர் நம்பவில்லை. அந்த மனிதர் பிறகு எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். அந்தோனி கடலுக்குப் போகமுடியாமல் கிடந்து இறந்தார். கல்தான் காரணம் என்று வைத்தியர் உறுதியாகச் சொல்லவில்லை. மாஸ்ரருக்கு மட்டும் சந்தேகமே இருக்கவில்லை. "செம்பு எண்டதை நானே வாயாலை சொன்னனான். நஞ்சு எண்டதை ஆள் விட்டுச் சொன்னனான். ஒரு சைக்கிள் மிதிக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பிக் கிடந்திட்டன்" என்று என்னிடம் அழுதார். அதற்குப் பிறகுதான் அவர் வாய் அப்படி ஆனது.

செத்தவீடு முடிந்ததும் நான் முல்லைத்தீவுக்குப் போனேன். மாஸ்ரர் முறைப்படியே, "பிலோமினா, மாஸ்ரர் செத்துப்போனார்" என்றேன். அவள் மணலில் அப்படியே இருந்துவிட்டாள். கடலைப் பார்த்தபடி சொன்னாள்.

"அந்த வியாபாரி வந்து சொன்னவர், ஐயா. செம்பைத் தனக்கு எடுக்கத்தான் மாஸ்ரர் இப்பிடிச் சொல்லிவிடுறார் எண்டு நினைச்சுப்போட்டன். பிறகு மாஸ்ரர் வந்து கேக்கேக்கை, பயத்திலை இல்லை எண்டிட்டன்."

"இவ்வளவு காலமும் ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் வருவார். படலையைத் திறக்கேக்கையே, 'என்ரை பிழை, பிள்ளை' எண்டுதான் தொடங்குவார். அதுக்குப் பிறகு நான் என்னெண்டு வாய் திறக்கிறது?" முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அவரைத் தெரிஞ்ச எல்லாருக்கும் சொல்லிப்போடுங்கோ, ஐயா."

அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த வியாபாரியும் பொய் சொல்லவில்லை என்பதை அவரைத் தெரிந்தவர்கள் அவருக்குச் சொல்லுங்கள். ஆய்வுகூடத்தில் மிஞ்சிய கறுத்தத் துண்டு என் அலுமாரியில், போத்தலுக்குள் இருக்கிறது. கெட்டதை முதலில் சொல்லும் பழக்கமும் அவரிடமிருந்து எனக்கு ஒட்டிவிட்டது. நல்லது ஆறுதலாய் வரும் என்றாரே, அது வந்தபோது அவர் இல்லை.

மாஸ்ரர், நீங்கள் சொல்லிவிட்டது போய்ச் சேர்ந்தது.