முதுகில் பொத்தான்

புதுச்சேரியிலிருந்து விடியுமுன் பைக்கில் கிளம்பியவன், மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய டீக்கடையில் நிற்கிறேன். தை மாதம். பாத்திகளின் மேல் பனி இன்னும் கலையவில்லை. விரல்கள் மரத்துப்போய் டீ கிளாஸின் சூடுகூடத் தெரியவில்லை. கேளம்பாக்கத்தில் எனக்குப் புது வேலை. இன்றுதான் முதல் நாள்.

ஒரு மொபெட் வந்து நிற்கிறது. ஓட்டி வந்தவர் சட்டையை முன்பின் மாற்றிப் போட்டிருக்கிறார். அவசரத்தில் கவனிக்கவில்லை போலும் என்று நினைத்து, அருகில் போய் மெல்லச் சொல்கிறேன். பின்னால் உட்கார்ந்து வந்த அவர் மனைவி சிரித்துவிடுகிறார்.

"தெரிஞ்சுதாங்க போட்டிருக்கேன்," என்கிறார் அவர். "பட்டன் சந்துலதான் காத்து பூருது. வானூர் பக்கத்துலேர்ந்து தெனம் உப்பளத்துக்கு வர்றோமே."

மனைவி அவர் முதுகுப் பொத்தான்களைக் கழற்றிவிடுகிறார். சட்டையை நேராக மாட்டிக்கொண்டு அவர் என்னைப் பார்க்கிறார்.

"நீங்களும் திருப்பிப் போடுங்க. நான் மாட்டி வுடறேன்."

கூச்சப்பட நேரமில்லை. பனியனோடு நின்று என் சட்டையைத் திருப்புகிறேன். உப்பில் காய்த்த விரல்கள் கழுத்துப் பொத்தான்வரை இறுக்கமாக மாட்டுகின்றன.

கடப்பாக்கம் தாண்டும்போது நெஞ்சு கதகதவென்று இருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுப் பாடுகிறேன். பாதிப் பாட்டில்தான் உறைக்கிறது: இதை என்னால் தனியாகக் கழற்ற முடியாது. புது அலுவலகத்தில் முதலில் யார் எதிரே வருகிறாரோ, அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு முதுகைக் காட்ட வேண்டும்.