ஹெல்ப்பர் என்ற சொல்லின் மேல் ஒரு கோடு

அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அடித்த பயோடேட்டா. மேலே என் மதினியின் பெயர். அதற்குக் கீழே, வேலை என்ற இடத்தில், ‘ஹெல்ப்பர் (பெண்)’. அந்தச் சொல்லின் மேல் ஒரு பேனாக் கோடு. கோடு போட்ட கை கலவை இழுத்துப் பழகிய கை, அதனால் காகிதம் கிழிந்துவிட்டது. தூக்கிப் பிடித்தால் அந்தக் கிழிசல் வழியாக வெளிச்சம் தெரியும்.

மதினி என் அண்ணன் பெண்டாட்டி. நாங்கள் இருவரும் முதலில் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனவர்கள். விடியுமுன் ஜீப்பில் அடைந்துகொண்டு மேலே போய், இருட்டின பிறகு இறங்குவோம். பிள்ளைகள் முகத்தைத் தூக்கத்தில்தான் பார்க்க முடிகிறது என்று மதினி கட்டட வேலைக்கு மாறினாள். நானும் பின்னாலேயே போனேன். எங்கள் பக்கம் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொம்பளை என்ன வேலை செய்தாலும் அவள் சித்தாள்தான். கல் சுமந்தாலும் சித்தாள், சாரத்தில் ஏறிச் சுவர் பூசினாலும் சித்தாள். சித்தாளாக வரும் பையன் கையில் ரெண்டு வருஷத்தில் கரண்டியைக் கொடுத்துக் கொத்தனார் ஆக்கிவிடுவார்கள். பொம்பளை சித்தாளாக வந்து, சித்தாளாகவே இடுப்பு ஒடிந்து வீட்டுக்குப் போவாள். இதை யாரும் அநியாயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நாங்கள் வேலை பார்த்த கொத்தனார் கெட்டவர் இல்லை, சோம்பேறி. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சிமெண்டுச் சாக்கை விரித்துவிடுவார். “ஆத்தா, அந்த மூலைய மட்டும் இழுத்துவிட்ரு” என்பார். மூலையில் ஆரம்பித்தது சுவராகும், சுவர் அறையாகும். சிலமலையில் ஒரு வீடு, போடியில் ஒரு பாய் வீடு, இன்னும் சில வீடுகள், உள்பூச்சு முழுக்க மதினியின் கை. சாயங்காலம் எழுந்து ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரிடம் “எப்பிடி நம்ம வேல?” என்பார். நம்ம வேலையாம்!

அப்போதுதான் ராசிங்காபுரம் ரோட்டில் ஒரு வெளியூர்க் கம்பெனி ஏலக்காய் மூட்டை அடுக்கப் பெரிய கிட்டங்கி கட்ட வந்தது. பூச்சு வேலைக்குக் கொத்தனார் வேண்டும், பயோடேட்டா கொண்டு வர வேண்டும், கேட் பாஸ் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்றார்கள். “நான் கொத்தனாருன்னு எழுதிக் குடுக்கப்போறேன், வாடி” என்று மதினி என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அந்தக் கடைத் தம்பியிடம் எல்லாருக்கும் ஒரே பயோடேட்டாதான் இருந்தது. பெயரையும் போன் நம்பரையும் மாற்றுவான், மற்றதெல்லாம் அப்படியே கிடக்கும். கடும் உழைப்பாளி, நேர்மையானவர், கல்யாணம் ஆகாதவர், பொழுதுபோக்கு கிரிக்கெட். பேரன் எடுத்த கொத்தனார்களெல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் கல்யாணமாகாமல் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அடித்த காகிதத்தை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்ட மதினி, “யாருடா தம்பி கிரிக்கெட் ஆடுனது?” என்றாள்.

“அது கெடக்கட்டும்க்கா, எல்லாருக்கும் போடுறதுதான்.”

“ஒங்க மாமனுக்குப் போடு. எனக்கு அழி. அதென்ன ஹெல்ப்பரு?”

“பொம்பளைக்குக் கொத்தனாருன்னு போட்டா சிரிப்பாங்கக்கா.”

“சிரிக்கட்டும். பல்லு வெளக்கிட்டு வந்தானுகளான்னு நான் பாத்துக்கிறேன்.” கல்லாவில் கிடந்த பேனாவை எடுத்தாள். அப்போது போட்டதுதான் அந்தக் கோடு.

பிறகு நின்றபடியே சொல்லச் சொல்ல அவன் அடித்தான். எந்த ஊரில் எந்த வீடு, எந்த அறை, உள்பூச்சா வெளிப்பூச்சா, சாரத்தில் எவ்வளவு உயரம் வரை ஏறுவாள், எல்லாம் சொன்னாள். “கம்பி கட்டத் தெரியாதுன்னும் போடு” என்றாள். தெரியாததை யாராவது எழுதுவார்களா என்று நான் கேட்டேன். “தெரியாதத ஒத்துக்கிட்டாத்தான்டி தெரிஞ்சத நம்புவான்” என்றாள். அன்று முதல் ‘கடும் உழைப்பாளி’ என்ற வார்த்தையைப் பார்த்தாலே எனக்கு எரிகிறது. உழைக்காதவனும் அதைத்தான் எழுதுகிறான். கட்டிய சுவரைச் சொல், அது எங்கே நிற்கிறது என்று சொல். போய்ப் பார்க்கிறவன் பார்க்கட்டும்.

கடைசியில் விசாரிக்க ரெண்டு பேர் நம்பர் வேண்டும் என்றான் தம்பி. அவர் நம்பரைப் போடலாமா என்று கேட்க நேரே எங்கள் கொத்தனார் வீட்டுக்குப் போனோம். அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, நீ கொத்தனாருன்னா அப்ப நான் யாரு?” என்றார்.

“அத நீங்கதான்ணே சொல்லணும்” என்று சொல்லிக் காகிதத்தை வாங்கிக்கொண்டு மதினி வந்துவிட்டாள்.

வழியெல்லாம் நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். மதினி திட்டவில்லை, யோசித்தாள். வீட்டுக்கார ஆம்பளைகள் காலையில் போய் இரவில் வருகிறவர்கள். நாள் முழுக்க வேலையைப் பார்த்தது யார்? வீட்டில் இருந்த பொம்பளைகள். காப்பி கொண்டுவந்து கொடுத்தவர்களுக்குச் சாரத்தில் யார் நின்றார், சாக்கில் யார் படுத்தார் என்று தெரியாதா? சிலமலை வீட்டு அம்மா நம்பரும் பாய் வீட்டு அம்மா நம்பரும் காகிதத்தில் ஏறின.

கிட்டங்கி சைட் எஞ்சினியர் அந்த நம்பர்களைப் பார்த்து, “யாரும்மா இவங்க?” என்றார். “வேலையப் பாத்தவுக சார். கூப்பிடுங்க” என்றாள் மதினி. விளையாட்டாகத்தான் ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டார். சிலமலை அம்மா வெடித்துவிட்டார். “எந்தக் கொத்தனாரு? படுத்துக் கெடந்தவரா? எஞ்சுவரு பூரா இவ பூசுனதுய்யா. வேல தாரதுன்னா வெரசா தா, அவள வெயில்ல நிப்பாட்டாத!” பாய் வீட்டு அம்மா மெதுவாகப் பேசினார். “எங்க அடுப்படிச் சுவரு அவங்க பூசுனதுதான் தம்பி. ஒரு கீறல் கெடையாது. வந்து பாருங்க, சாப்பிட்டுப் போகலாம்.”

எஞ்சினியர் சிரித்துவிட்டார். “சரிம்மா, கொத்தனார் சம்பளமே போட்டுக்கலாம். ஆனா பாஸ்ல ஹெல்ப்பர்னுதான் வரும். பொம்பளைங்களுக்கு ஆபீஸ்ல அந்தப் பேருதான்.”

நான் மதினி கையைக் கிள்ளினேன். சரி சொல்லுங்க மதினி என்று காதில் சொன்னேன். அவள் காகிதத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். “சம்பளம் இந்த சைட்டோட போயிரும் சார். அடுத்த சைட்டுல நான் காட்டப்போறது இந்த பாஸத்தான்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மறுபடியும் தலையில் கலவை சுமக்கும் பாண்டுச் சட்டி. அதே கொத்தனார், அதே சாக்கு. ஒன்று மட்டும் மாறியது. மூலையை இழுத்துவிடச் சொன்னால், “சித்தாளுக்கு அந்தச் சோலி தெரியாதுண்ணே” என்று மதினி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் மத்தியானத் தூக்கம் போனது. வீட்டில் அண்ணன், “பேரு சோறு போடுமாடி?” என்று கத்தினான். “பேரு இல்லாமத்தான் இத்தன வருசம் பாதிச் சோறு தின்னேன்” என்றாள். எனக்கும் அவள் மேல் கோபம்தான். வந்ததைத் தள்ளிவிட்டாளே என்று.

பிறகு கம்பெனிக் கொத்தனார்கள் கூடுதல் கூலிக்குக் கேரளா பக்கம் போய்விட, கிட்டங்கிச் சுவர் பூசாமல் நின்றது. எஞ்சினியர் சிலமலை அம்மாவிடம் மதினி நம்பரை வாங்கிக் கூப்பிட்டார். மதினி கேட்டது ஒன்றே ஒன்று: “பாஸ்ல என்ன பேரு?” வந்து பாருங்க என்றார். “படம் பிடிச்சு அனுப்புங்க சார், பெறகு வர்றேன்” என்றாள். போனில் படம் வந்தது. கொத்தனார் என்று இருந்தது. இதைக் கேட்டு எஞ்சினியர் மனசு மாறியதாக யாரும் உருக வேண்டாம். அவருக்கு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஆள் கிடைக்காத நாளில் அவர் கையில் இருந்தது மதினியின் நம்பர்.

அந்தக் கிட்டங்கியில் நானும் அவளோடு கரண்டி பிடித்தேன். இப்போது மதினி கோயம்புத்தூரில் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருக்கிறாள், கொத்தனாராக. போன வாரம் குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் தொழிலாளர் வீடு கட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு நான் அதே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். தம்பிக்குத் தொப்பை விழுந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும், “கிரிக்கெட்ட எடுத்துட்டேன்க்கா” என்றான். ஹெல்ப்பரை எடுக்கவில்லை. எடுக்க வைத்தேன். விசாரிக்கும் நம்பரில் முதலில் மதினியைப் போட்டேன்.

எஸ்டேட்டு சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டாராம். நான் நன்றாகப் பூசுவேனா என்று கேட்டிருக்கிறார். “பாஸ்ல அவளுக்கு என்ன பேரு போடுவீக? மொதல்ல அதச் சொல்லுங்க, பெறகு நான் சொல்றேன்” என்றாளாம் மதினி. யோசித்துக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாராம்.

யோசிக்கட்டும். என் பயோடேட்டா பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கிறது. அதற்குப் பின்னால் அந்தக் கிழிந்த காகிதத்தையும் மடித்து வைத்திருக்கிறேன். கூடவே ஒரு பேனாவும்.