மாரெனின் விருதுக்கு ஒரு பலகை

எந்தப் பொருளையும் ராய்ஸ் ஹால்வர்சன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்த பிறகுதான் வாங்குவார். ரொட்டி, தர்பூசணி, சோபா மெத்தை, எல்லாவற்றுக்கும் அதே சோதனை. அமெரிக்காவின் டுலூத் நகரத்து டயர் கடை ஒன்றில் காலமெல்லாம் உழைத்த விரல் அது. மரக்கடையிலும் ஒரு பைன் பலகையை அழுத்திக்கொண்டு நின்றார்.

"நல்லா கெட்டியா இருக்கே."

"மரம்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார் கடைக்காரர்.

ஐம்பது வயதுவரை ராய்ஸ் மரத்தில் ஓர் ஆணி அடித்ததில்லை. வீட்டில் படம் மாட்டுவது, கதவுக் கீல் முடுக்குவது எல்லாம் மனைவி கோலீன். லாரிச் சக்கரத்தை ஒற்றை ஆளாகக் கழற்றுகிறவர், ரம்பத்தைப் பாம்பைப் பிடித்தவர் போல உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தார். "நான் அறுத்துத் தரவா?" என்று கோலீன் கேட்டதற்கு, "நீ போ, இது என் வேலை" என்று கார் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அது அவர் வேலையானதற்குக் காரணம் உண்டு. ஜனவரியில் ஒரு மாலை இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் எதையோ தேடிக்கொண்டிருந்தவர் சமையலறையில் சுருண்டு விழுந்தார். வீட்டில் அவருடைய ஒன்பது வயது மகள் மாரென் மட்டும்தான் இருந்தாள். அவள் அவசர உதவிக்கு அழைத்து முகவரி சொன்னாள். நாயைக் குளியலறையில் அடைத்தாள். வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை தகப்பனின் தலையை மடியில் வைத்துப் பேசிக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸை அனுப்பிய தீயணைப்பு நிலையத்தார் அவளைக் கூப்பிட்டு, பான்கேக் விருந்து வைத்து, 'சர்க்கரை குறைந்து மயங்கிய அப்பாவைக் காப்பாற்றிய மாரெனுக்கு' என்று பொறித்த ஒரு கண்ணாடி விருதைக் கொடுத்தார்கள்.

ராய்ஸ் கைதட்டினார். வீட்டுக்கு வந்ததும் விருதைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல், சீரியல் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தார். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது கடையில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வெளியூர் போய்ப் பழுது பார்க்கிற வண்டியை ஓட்டத் தரமாட்டார்கள் என்ற பயம். விழுந்ததைப் பற்றி, "பனியில வழுக்கிட்டேன்" என்று அங்கே சொல்லி வைத்திருந்தார்; அது மாரென் காதிலும் விழுந்திருந்தது.

மார்ச்சில் ஒரு நாள் காலை, பாலை ஊற்றிக்கொண்டே மாரென் கேட்டாள்:

"அப்பா, நான் அன்னிக்கு ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"தப்பா? என்ன கண்ணு சொல்ற?"

"இல்ல, அத ஒளிச்சு வச்சிருக்கீங்களே."

அன்று சாயங்காலம்தான் அவர் மரக்கடைக்குப் போனார்.

முதலில் அறுத்த பலகை ஒரு பக்கம் இளைத்துப் போனது. அடுத்தது நேராக வந்தது. ஆனால் தாங்குகட்டையைத் தலைகீழாகத் திருகிவிட்டார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் கைதான் வழவழப்பானது. ஒருவழியாக முடித்து, குளியலறைக்குப் போகிற நடையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே மாட்டினார். விருந்தாளிகள் எட்டிப் பார்க்காத இடம். விருதை வைப்பதற்குள் பலகை திருகாணியோடு பிய்ந்துகொண்டு விழுந்தது. சுண்ணாம்பு அட்டைச் சுவர், உள்ளே வெறும் பொள்ளல். அட்டைக்குப் பின்னால் மரச்சட்டமில்லாத இடத்தில் துளை போட்டிருந்தார்.

மாரென் சுவரிலிருந்த ஓட்டையைப் பார்த்தாள், அப்பாவின் தலையில் படிந்த வெள்ளைத் தூளைப் பார்த்தாள். "பரவால்லப்பா. ஃப்ரிட்ஜ் மேலயே இருக்கட்டும்" என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். ராய்ஸுக்குப் பலகை விழுந்ததைவிட அந்தத் தட்டல்தான் வலித்தது. சுவரில் காதை வைத்து, விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே முன்னறைவரை போனார். தொலைக்காட்சிக்கு மேலே சத்தம் கெட்டியாக வந்தது. அங்கே மாட்டினார். விருது சறுக்கிவிடாமலிருக்க முன்விளிம்பில் ஒரு மெல்லிய கட்டையும் ஒட்டினார். கொஞ்சம் கோணல்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி ஆட்டம் பார்க்க லெஸ்டர் வந்தார். கடையில் யார் எந்த வண்டியை எடுப்பது என்று முடிவு செய்கிறவர் அவர்.

"அட, அதென்னய்யா புதுசா? பலகை வலது பக்கம் சாயுதே, போதையில அடிச்சியா?"

"நானே செஞ்சது."

"அது தெரியுது. மேல இருக்கறது என்ன?"

ராய்ஸ் வாயைத் திறப்பதற்குள் மாரென் முந்திக்கொண்டாள். "ஸ்கூல்ல குடுத்தாங்க அங்கிள். ஓவியப் போட்டியில." சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"சபாஷ். என்ன வரைஞ்ச?"

"நாய்" என்றாள் மாரென்.

யாரோ கோல் போட்டார்கள். லெஸ்டர் கத்தினார். ராய்ஸ் எழுந்து போய் விருதை எடுத்தார். சட்டை நுனியால் துடைத்து, லெஸ்டரின் மடியில் வைத்தார்.

"படிச்சுப் பாரு."

லெஸ்டர் அதைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், கண்ணைச் சுருக்கினார். "எழுத்து பொடிசா இருக்குப்பா. என் கண்ணாடி வண்டியில கெடக்கு. நீயே சொல்லேன், என்ன போட்டிருக்கு?"

ராய்ஸ் தன் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.