ஏழாவது கம்பி

அந்தக் கிட்டாரை முதன்முதலாகத் தோளில் மாட்டியபோது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: இதையும் நான்தான் சுமக்க வேண்டுமா? நல்லம்பள்ளி உரக்கடையில் காலையிலிருந்து மூட்டை இறக்கிவிட்டு, யூரியா அரிப்போடு பஸ்ஸில் நின்றுகொண்டே தருமபுரிக்கு வந்திருந்தேன். எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. முதுகுக்கு மட்டும் ஐம்பதுக்கு மேல் இருக்கும். எங்கே சாய்வோம் என்றிருக்கிற மனிதனிடம் ஒரு பலகையைக் கொடுத்து, எப்படி இருக்கிறது சொல் என்றால் என்ன சொல்வான்?

"கனமா இருக்குதுங்க" என்றேன்.

"கனத்தக் கேக்கலப்பா. கம்பியப் பாரு" என்றார் ஓனர்.

பார்த்தேன். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு கம்பி இருந்தது.

எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்தியவரைத்தான் ஓனர் என்போம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் அவருடையவை, அதனால் குழுவும் அவருடையது. கல்யாணமோ, மாரியம்மன் பண்டிகையோ, எங்கள் சர்ச்சின் பங்குத் திருவிழாவோ, எதுவானாலும் ஒரே அம்பாசிடரில் எட்டுப் பேர் அடைந்துகொண்டு போவோம். எக்கோ மிஷின் என் மடியில் வரும். இறங்கும்போது கால் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அந்தக் கிட்டாரை அவர் பெங்களூரில் வாத்தியம் பழுது பார்க்கும் ஒருவரிடம் பிடித்திருந்தார். மேலே தடிமனாக இன்னொரு கம்பி இருந்தால் பேஸ் என்கிற அடிக்குரலையும் தானே வாசித்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லிச் செய்யவைத்தார்களாம். செய்யச் சொன்ன ஆள் திரும்பி வரவே இல்லை. சுவரில் தொங்கித் தொங்கித் தூசி படிந்ததால் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. பிடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் திருப்பித் தந்துவிடலாம் என்பது பேச்சு.

"இந்த ஏழாவது கம்பி பேசுச்சுன்னா தனியா பேஸ் கிட்டார் எதுக்குப்பா? ஒரு ஆள் மிச்சம், கார்லயும் எடம் மிச்சம். வூட்டுக்குக் கொண்டுபோய் வாசிச்சுப் பாரு. ஞாயித்துக்கெழம எல்லாரையும் வெச்சுக்கிட்டுக் கேட்டுப் பாத்துடலாம்."

மிச்சமாகப் போகிற அந்த ஆள் என் மனைவியின் அண்ணன். அது ஓனருக்கும் தெரியும். தெரிந்தும் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

மச்சான் மொரப்பூர் ஸ்டேஷன் பக்கம் மண்டியில் சுமை தூக்குபவர். எங்கள் குழுவில் அவர்தான் மூத்தவர். வாரம் முழுக்கத் தக்காளிக் கூடை, புளி மூட்டை. கூப்பிடுகிறவர்கள் எல்லாம் "ஏய்" என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் மேடையில் மட்டும் அவர் பேஸ் மாஸ்டர். குழுவுக்கென்று ஓனர் தைத்துக் கொடுத்த மெரூன் கலர் சட்டையைப் போட்டுக்கொண்டு, நான்கு கம்பிக் கிட்டாரோடு ஓரமாக நிற்பார். யாரும் அவரைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அவர் நிறுத்தினால் பாட்டு இடுப்பொடிந்த மாதிரி உட்கார்ந்துவிடும். அந்தப் பேஸ் கிட்டாரும் ஓனருடையதுதான். போகச் சொன்னால் அவர் கையில் எதுவும் இருக்காது.

ஒரு சின்ன ஆம்பையும் இரவல் வாங்கிக்கொண்டு கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கறுப்புப் பெயிண்ட், அதற்குமேல் எண்ணெய்ப் பலகாரம் வைத்த தட்டு போல ஒரு பிசுபிசுப்பு. கழுத்து அகலமோ அகலம், என் கட்டைவிரல் மேலே எட்டிப் பார்க்கவே இல்லை. செருப்புப் போடாமல் தொட்டால் கரண்ட் சுருக்கென்று கடித்தது. அதைவிடப் பெரிய தொல்லை என் விரல்கள்தான். பத்து வருடப் பழக்கத்தில் அவை மேலே இருக்கிற கம்பியை ஆறாவது என்றே எடுத்துக்கொண்டன. நாலு விரலைச் சேர்த்து எந்தக் கார்டைப் பிடித்தாலும் ஒரு கம்பி தள்ளிப் பிடித்தேன். தெரிந்த பாட்டையெல்லாம் தெரியாதவன் மாதிரி வாசித்தேன்.

அந்த ஏழாவது கம்பி இரைந்தது. விரல் வைக்காமல் மீட்டினால் வெற்று டப்பாவில் வண்டு விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஆனால் நடுவில் விரலை அழுத்திப் பிடித்து மீட்டியபோது நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டியது போல இருந்தது. எனக்குப் பிடித்துப்போயிற்று. அதுதான் எரிச்சல். இன்னும் நாலு தடவை மீட்டினேன்.

மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணனுக்குத் தெரியுங்களா?"

"தெரியாது."

"அவரு வாயத் தொறந்து எதும் கேக்க மாட்டாருங்க. நீங்கதான் பாத்துக்கோணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் கண்டுபிடித்த வழி இதுதான். கம்பி இரைகிறது. ஞாயிற்றுக்கிழமை ஓனர் காதால் கேட்கட்டும். நான் நல்லதும் சொல்ல வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம். கிட்டாரே சொல்லிவிடும், பெங்களூருக்கே திரும்பிப் போய்விடும். இப்படி யோசித்து முடித்தபோது பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மச்சான் வந்தார், தங்கைக்குத் தக்காளியும் கத்தரிக்காயும் எடுத்துக்கொண்டு. ஞாயிறு ஒத்திகைக்கு எப்போதும் முதல் நாளே வந்துவிடுவார். கிட்டார் கட்டிலில் கிடந்தது. மறைத்து வைக்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அலுப்பில் செய்திருக்க மாட்டேன்.

"ஓனர் வாங்கியாந்தாருங்களா மாப்ள?" என்று கேட்டுக்கொண்டே மடியில் எடுத்து வைத்தார். என்னைவிட ஏழு வயது பெரியவர், ஆனாலும் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து எனக்கு அவர் வாயில் "ங்க" விழாமல் இருந்ததில்லை. தடிக் கம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு தட்டுத் தட்டினார். இரைந்தது. கழுத்தின் தலைப்பில் கம்பிகள் உட்கார்ந்து வருகிற எலும்புத் துண்டை நகத்தால் நெருடினார்.

"காடி ஆழமா அறுத்துப்புட்டான்ங்க. கம்பி பள்ளத்துல படுத்துக் கெடக்குது."

வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் வேட்டி மடிப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, அட்டையில் நகக்கண் அளவு கிழித்து, மடித்து, கம்பிக்கு அடியில் சொருகிவிட்டார். சுதி கூட்டி மீட்டினார். இரைச்சல் போய்விட்டது. சுத்தமாக, தடிமனாக ஒரு சத்தம் வந்தது.

"நம்ம பேஸ் அளவுக்கு அடியில எறங்காதுங்க. ஆனா கூம்பு ஸ்பீக்கர்ல எவனுக்குத் தெரியப் போவுது" என்று சிரித்தார். பிறகு என் கட்டைவிரலைப் பிடித்து எங்கே தட்ட வேண்டும் என்றும் காட்டிக் கொடுத்தார். மனைவி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கமே திரும்பவில்லை.

ஞாயிறு காலை பூசை முடிந்து வந்ததும் மச்சான் டீக்கடைப் பக்கம் போனார். நான் கிட்டாரை எடுத்தேன். கம்பியைத் தளர்த்தி, அட்டையை உருவி, கூரை இடுக்கில் எறிந்தேன். கம்பியை மறுபடி சுதிக்கு முறுக்கினேன். திருடினவன் மாதிரி மூன்று முறை வாசலைப் பார்த்துக்கொண்டேன்.

மத்தியானம் ஓனர் கடையில் எல்லோரும் கூடினார்கள். புது வாத்தியம் வந்தால் குழுவில் மூத்தவர் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். அதன் பிறகு அது திரும்பிப் போகாது. குங்குமக் கிண்ணம் மேசைமேல் தயாராக இருந்தது. மச்சான் பேஸ் கிட்டாரோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

ஓனர் ஆர்மோனியத்தைத் திறந்து, "உன் மச்சான் சும்மா இருக்கட்டும். நீ மட்டும் வாசி" என்றார். வாசித்தேன். ஏழாவது கம்பி நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இரைந்தது. உள்ளுக்குள் சந்தோஷம். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன்.

ஓனர் கிட்டாரைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்தார்.

"பத்து வருசமா வாசிக்கற, ஒரு கம்பியத் தொடத் தெரியலயா உனக்கு? பெங்களூர்ல அந்த ஆள் வாசிச்சுக் காட்டறப்ப நடுவுல எப்படிப் பேசுச்சு! கம்பி மேல தப்பில்லப்பா. மூட்ட தூக்கற கை, வேற எப்படி இருக்கும்?"

தபேலாக்காரர் சிரித்தார். கூடவே இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. குற்றம் கிட்டாரின் மேல் விழும் என்று கணக்குப் போட்டேனே தவிர, என்மேல் விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஐந்து நிமிடம் இப்படியே நின்றால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

மச்சான் ஸ்டூலை விட்டு எழுந்தார். பேஸ் கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்தார். என்னருகில் வந்து, கம்பித் தலைப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். நான் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் தீப்பெட்டியை எடுத்து, அட்டையைக் கிழித்து, மடித்து, சொருகினார்.

"அவரு கையில ஒண்ணும் இல்லீங்க. காடிதான் பள்ளம்" என்றார் ஓனரிடம். "இப்ப வாசிங்க மாப்ள."

வாசித்தேன். வேறென்ன செய்ய? அட்டை இருந்தது, கம்பி பேசியது. ஓனர் தொடையில் தட்டித் தாளம் போட்டார், தபேலாக்காரர் தலையை ஆட்டினார். குங்குமக் கிண்ணம் மச்சானிடம் நீட்டப்பட்டது. அவர்தானே மூத்தவர். கிட்டாரின் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டு வரை இருவரும் நடந்தோம். மொரப்பூர் பஸ் நின்றுகொண்டிருந்தது.

"அட்டைய நான்தான் எடுத்தேன் மச்சான்" என்றேன்.

"தெரியும்ங்க. எதுக்கு எடுத்தீங்கன்னும் தெரியும். நேத்து அந்தத் தடிக் கம்பியப் பாத்தப்பவே எல்லாம் தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் எதுக்கு மறுபடியும் வெச்சீங்க?" கோபமாகத்தான் கேட்டேன். நடுரோட்டில் கத்தியேவிட்டேன்.

"எங்க வூட்டு மாப்ளையப் பாத்து, அத்தன பேரு முன்னால, கை சரியில்லன்னு சொல்றாங்க. நான் ஸ்டூல்ல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கட்டுங்களா?" என்றார். கண்டக்டர் விசில் கொடுத்ததும் ஏறிக்கொண்டார்.

அடுத்த கல்யாணத்துக்குக் காரில் நன்றாகக் காலை நீட்டி உட்கார்ந்து போனேன். எக்கோ மிஷினுக்குத் தனி இடம். பத்து வருடத்தில் அவ்வளவு வசதியாக நான் எங்கும் போனதில்லை, அவ்வளவு அலுத்துப்போயும் போனதில்லை.

அந்த வாரம் மனைவி மொரப்பூர் போய்விட்டு வந்தாள். துவைத்து மடித்த மெரூன் கலர் சட்டையை என் முன்னால் வைத்தாள்.

"ஓனர் சட்டைங்களாம். குடுத்துறச் சொன்னாரு."

கையில் எடுத்தபோது பையில் ஏதோ தட்டுப்பட்டது. ஒரு தீப்பெட்டி. திறந்து பார்த்தேன். ஒரு குச்சிகூட இல்லை, வெறும் பெட்டி.

"அட்ட நசுங்கிப் போச்சுன்னா இதுல கிழிச்சு வெச்சுக்கச் சொன்னாருங்க" என்றாள்.